புதுமடம் ரூட்டில் ஒரு வெள்ளிக்கிழமை

அன்றைக்கு பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். யாரையாவது விட்டுவிட்டால் பிறகு வருத்தப்படுவார்களே என்று இப்போதே கவலையாக இருக்கிறது. கண்டக்டர் உட்காரும் ஒற்றைச் சீட்டில் எங்கள் கல்லூரி முதல்வர் தமயந்தி மேடம். அவருக்குப் பின்னால் அலுவலகக் கணக்கர் பாலு சார். டிரைவர் சீட்டில் நான். பஸ் ஓடாதபோதும் எனக்கு அங்கே உட்கார்ந்தால்தான் நிம்மதி. அடுத்த வரிசையில் இயற்பியல் இரண்டாமாண்டு அப்ரின், பக்கத்தில் அவளுடைய உம்மா நூர்ஜஹான். பின்னால் அதே ரூட்டில் வரும் இன்னும் எட்டுப் பிள்ளைகள், அவர்களுடைய தாய்மார் ஏழு பேர். பிள்ளைகளில் இருவர் அக்கா தங்கை, அதனால் தாய் ஒன்று குறைவு. கல்லூரியை விட்டு நின்றுவிட்ட இரண்டு பிள்ளைகளின் தாய்மாரும் வந்திருந்தார்கள், பிள்ளைகள் வரவில்லை. மீன் ஏலக்கூடத்தில் கணக்கு எழுதும் ஒரு தகப்பனார் மட்டும் உள்ளே வரக் கூச்சப்பட்டுப் படிக்கட்டிலேயே நின்றார். மற்ற தகப்பன்மார் ஒன்பது பேரும் போனில் இருந்தார்கள். தம்மாமில் அப்ரினின் வாப்பா ஜலாலுதீன். மற்றவர்கள் ரியாத்திலும் குவைத்திலும் தோஹாவிலும். போனில் இருந்தவர்களையும் வந்தவர்களாகத்தான் நான் சேர்த்துக்கொள்கிறேன். அன்றைக்கு முடிவு சொன்னவர்களே அவர்கள்தான்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனாலும் ஒரு கல்லூரியில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம், பஸ் ஓட்டியாக. போன வருடம் ஓய்வு பெற்றேன். இப்போது பஸ் எங்கே வருகிறது என்று பெற்றோர் போனில் புள்ளியாகத் தெரிகிறது. அந்தப் புள்ளி இரண்டு நிமிடம் நகராமல் நின்றால் டிரைவருக்குப் போன் வருகிறது. புதிதாக வந்திருக்கும் டிரைவர்கள் என்னிடம் கேட்கிறார்கள்: “எல்லா ரூட்லயும் ஆளு குறைஞ்சு வண்டிய நிப்பாட்டுறாக. புதுமடம் ரூட் மட்டும் எப்படிண்ணே தப்பிச்சுச்சு?” வாயால் சொன்னால் ஆளுக்கு ஒரு விதமாய்க் கேட்டுக்கொண்டு போகிறார்கள். கல்லூரி மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்றார் பாலு சார். எழுதிவிட்டேன். பிழை இருந்தால் தமிழ்த்துறையில் பார்த்துத் திருத்திக்கொள்ளட்டும்.

லாரியில் கிளீனராக ஏறியது, லைசென்ஸ் எடுத்தது, ராமேஸ்வரத்திலிருந்து கேரளாவுக்கு ஐஸ் பெட்டியில் மீன் ஏற்றிப் போனது, இதெல்லாம் பெரிய கதையில்லை. எல்லா டிரைவருக்கும் உள்ளதுதான். மீன் லோடில் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் போதும். கல்லூரி பஸ்ஸுக்கு வந்த பிறகுதான் பயம் என்றால் என்னவென்று தெரிந்தது. பின்னால் நாற்பது வீட்டுப் பிள்ளைகள். ஹேண்ட்பிரேக் போட்டோமா என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்ப் பார்த்திருக்கிறேன். வருடத்துக்கு ஒரு தடவை மைதானத்தில் எல்லா பஸ்ஸையும் நிறுத்திவைத்து ஆர்.டி.ஓ. ஆய்வு செய்வார்கள். அவசர வழிக் கதவு திறக்கிறதா, தீயணைப்பு சிலிண்டருக்குத் தேதி இருக்கிறதா, முதலுதவிப் பெட்டியில் மருந்து காலாவதியா, வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின் சீல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மற்ற டிரைவர்களுக்கு அது தலைவேதனை. எனக்கு அது திருவிழா. என் கவலையை எல்லாம் அரசாங்கமே ஒரு நாள் கூடிப் படுகிறதே என்று ஆறுதலாக இருக்கும்.

கல்லூரிப் படிப்பு மாறியதை நான் உள்பக்கக் கண்ணாடியில்தான் பார்த்தேன். முதலில் ஓட்ட ஆரம்பித்தபோது பரீட்சைக் காலத்தில் பஸ் முழுக்க முணுமுணு என்று மனப்பாடச் சத்தம் கேட்கும். பிறகு எல்லார் கையிலும் போன் வந்தது. பஸ் அமைதியாகிவிட்டது. கடைசி ஒன்றிரண்டு வருடமாகக் கட்டுரை வேண்டுமென்றால் போனிடம் கேட்கிறார்கள், அதுவே எழுதிக் கொடுத்துவிடுகிறது. “அதை நீ படிச்சுப் பாத்தியாம்மா?” என்று ஒரு பிள்ளையிடம் கேட்டேன். “நான் படிக்கலண்ணே, சாரும் படிக்க மாட்டாரு, அவரும் போன்ட்டதான் குடுப்பாரு” என்றது. பஸ்ஸே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அதற்கு வெகு முன்பிருந்தே இயற்பியல், வேதியியல், வரலாறு என்று ஏறியவர்கள் குறைந்து, கம்ப்யூட்டர் என்ற பெயர் ஒட்டிய படிப்புக்கே எல்லாரும் ஏறினார்கள். தூரத்து ரூட்டுகளில் சீட் காலியாகத் தொடங்கியது.

தமயந்தி மேடம் முதல்வரானது அப்படிக் காலியாகத் தொடங்கிய காலத்தில்தான். முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய் விவசாயம் பார்த்த குடும்பம். இயற்பியல் துறையில் நெடுங்காலம் பாடம் நடத்தியவர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. செவ்வாய்க்கிழமைதோறும் ஏதாவது ஒரு ரூட்டில் சொல்லாமல் ஏறிவிடுவார். கார் பின்னால் வரும், அவர் பஸ்ஸில் வருவார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் எந்தப் பிள்ளை எந்தச் சந்துக்குள் போகிறது என்று பார்ப்பார். மாலையில் இறங்கிய பிள்ளை தன் தெரு முனை திரும்பும் வரை பஸ் நகரக் கூடாது என்ற வழக்கத்தை வைத்தவர் அவர். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டுவான். “திட்டிக்கிட்டுப் போகட்டும்ண்ணே, நமக்கு அவசரமில்ல” என்பார்.

என் கவலைகளைப் பொறுமையாகக் கேட்ட ஒரே மேலதிகாரியும் அவர்தான். டயர் தேய்ந்திருக்கிறது, உச்சிப்புளி வளைவில் மணல் கிடக்கிறது, மழை வரும்போல் இருக்கிறது என்று நான் அடுக்குவேன். கடைசிவரை கேட்டுவிட்டு, “இதுல இன்னைக்கு நம்ம செய்யக்கூடியது எதுண்ணே?” என்பார். டயர் என்பேன். “அப்ப அதை மாத்திருவோம்” என்பார். மாலைக்குள் டயர் மாறியிருக்கும். மழையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லமாட்டார்.

ஊரடங்கு நேரத்தில் பிள்ளைகள் வீட்டிலிருந்தே பரீட்சை எழுதினார்கள். எழுதிய தாளைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும், தாளைத் தபாலிலும் அனுப்ப வேண்டும். கடற்கரை ஊர்களில் சிக்னல் இல்லை, தபாலும் தாமதம். மேடம் அனுமதி வாங்கி என்னை பஸ்ஸோடு அனுப்பினார். மாரியூர் வரைக்கும் ஊர் ஊராகப் போய், உறையிலிட்டு ஒட்டிய விடைத்தாள்களை வாங்கிக்கொண்டு வந்தேன். ஆளில்லாத பஸ், ஒவ்வொரு சீட்டிலும் ஒரு ஊரின் தாள். ஜன்னலை எல்லாம் அடைத்துக்கொண்டு வேர்க்க வேர்க்க ஓட்டினேன், ஒரு தாள் பறந்தால் ஒரு பிள்ளையின் வருடம் போய்விடுமே என்று. கல்லூரி வாசலில் மேடம் முகக்கவசத்தோடு நின்று ஒவ்வொரு உறையாக வாங்கினார். “ஒரு தாளும் குறையலண்ணே” என்று அவர் சொன்ன பிறகுதான் தண்ணீர் குடித்தேன்.

புதுமடம் ரூட்டுக்கு வினை வந்தது அதற்குப் பிறகு. பதினோரு பிள்ளைகள்தான் ஏறிக்கொண்டிருந்தார்கள். டீசல் காசுகூடத் தேறவில்லை. கல்லூரிச் செயலாளர் கெட்டவர் இல்லை, ஆனால் கணக்குப் பார்த்துத்தானே ஆக வேண்டும். ஜூலை முடிவதற்குள் பதினைந்து சீட்டுக்குக் கட்டணம் உறுதியானால் ஓடட்டும், இல்லையென்றால் நிறுத்திவிடலாம் என்று சொல்லிவிட்டார்.

“ஏலே, அந்த ரூட்டு போனா ஒனக்கென்ன? தொண்டிக்குப் போட்டுருவாக. வழியெல்லாம் நல்ல பரோட்டா” என்றான் என்னோடு ஓட்டும் சேது. எனக்குப் பரோட்டா இறங்குமா? அந்தப் பிள்ளைகள் டவுன் பஸ்ஸில் வரலாம், பெண்பிள்ளைகளுக்கு டிக்கெட்டும் இலவசம்தான். ஆனால் டவுன் பஸ் வரும் நேரம் அதற்கே தெரியாது. கல்லூரி பஸ் என்றால்தான் அந்த வீடுகளில் அனுப்புவார்கள். பஸ் நின்றால் படிப்பு நிற்கும். அவ்வளவுதான் விஷயம்.

மேடம் முதலில் ஒரு புதன்கிழமை கல்லூரியிலேயே பெற்றோர் கூட்டம் போட்டார். தாய்மார் நல்ல உடை உடுத்தி வந்தார்கள். பிஸ்கட், டீ. கட்டணத்தை இப்போதே உறுதி செய்தால் பஸ் ஓடும் என்று மேடம் விளக்கினார். எல்லாரும் “சரிங்க மேடம்” என்றார்கள். கையெழுத்தும் போட்டார்கள். நாங்கள் ஜெயித்துவிட்டதாக நினைத்தோம். அடுத்த வாரம் ஒருவரும் பணம் கட்டவில்லை. இரண்டு பிள்ளைகள் வராமலே நின்றுவிட்டார்கள்.

என்னவென்று கேட்க மேடம் செவ்வாய்க்கிழமை என் பஸ்ஸில் ஏறினார். அப்ரினிடம்தான் கேட்டார். அவள் வாய் ஓயாத பிள்ளை.

“மேடம், எங்க உம்மா சரின்னு சொன்னா, ‘நீங்க சொன்னது காதுல விழுந்துச்சு’ன்னு அர்த்தம். சரியா தப்பாங்கிறதை வாப்பாதான் சொல்லணும்.”

“வாப்பா என்ன சொல்றாக?”

“பாதியில நிக்கப்போற பஸ்ஸுக்கு எதுக்குக் காசுங்கிறாக. எல்லா வாப்பாவும் அதைத்தான் சொல்றாக மேடம். அவுகளுக்குள்ள ஒரு வாட்ஸப் குரூப்பு இருக்கு.”

பணம் வராததால் பஸ் நிற்கப் போகிறது. பஸ் நிற்கும் என்பதால் பணம் வரவில்லை. மேடம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். உச்சிப்புளி தாண்டியதும் கேட்டார்: “வாப்பாமாருக்கு என்னைக்கு லீவு?”

“வெள்ளிக்கிழமை.”

“அப்ப வெள்ளிக்கிழமை கூட்டம் போடுவோம். அவுகளை வச்சு.”

எங்கே போடுவது? ஒரு வீட்டில் போட்டால் அது அந்த வீட்டு விவகாரம் ஆகிவிடும். பொது இடத்தில் போட்டால் தாய்மார் பேசமாட்டார்கள். “பஸ்ஸுலேயே போட்டா என்ன?” என்றார் மேடம். பஸ் எல்லாருக்கும் பொது, திரைச்சீலையும் உண்டு. எனக்கு அன்றிலிருந்து தூக்கம் போனது. நிறுத்த இடம் நிழலாக இருக்குமா, மின்விசிறி ஓடினால் பேட்டரி இறங்கிவிடாதா, அவசர வழியை மறைத்து யாராவது பை வைத்தால் என்ன செய்வது? “பேட்டரியை மட்டும் பாத்துக்கங்கண்ணே” என்றார். புது பேட்டரி போட்டோம்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணி என்று நேரம் குறித்தார் மேடம். ஊரில் ஜும்மா தொழுகை முடிந்து சாப்பிட்டுவிட்டு வர வசதியாக இருக்கும் என்று. பிள்ளைகளை மதியமே கூட்டிக்கொண்டு வந்தோம். புதுமடம் பள்ளிக்கூட மைதானத்து ஓரம் வேப்பமரத்தடியில் பஸ்ஸை நிறுத்தினேன். தாய்மார் வந்து உட்கார்ந்தார்கள். சிக்னல் முன்பக்கம்தான் நன்றாக இருந்தது, அதனால் எல்லாரும் நெருக்கியடித்து முன்னால் வந்தார்கள். வண்டி முன்பக்கம் பாரம் தாங்குமா என்று எனக்குப் பதைப்பு. இரண்டு மணி ஆனதும் மேடம், “வாப்பாமாரைக் கூப்பிடுங்க” என்றார்.

ஒருவரும் எடுக்கவில்லை. தம்மாம் எடுக்கவில்லை, குவைத் எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அவர்கள் பேசிவைத்துக்கொண்டு எடுக்காமல் இருக்கிறார்கள் என்று பாலு சார் என் காதில் சொன்னார்.

அப்ரின்தான் திடீரென்று சிரித்தாள். “மேடம், இப்ப அங்க மணி பதினொன்றரை. வாப்பா இப்பத்தான் ஜும்மாவுக்குக் குளிச்சுக் கிளம்பிக்கிட்டு இருப்பாக.”

ஊர்க்கார ஜும்மாவைப் பார்த்து நேரம் குறித்தவர், சவூதி ஜும்மாவை மறந்துவிட்டார். தாய்மாருக்கும் அது தோன்றாமல் போனதுதான் வேடிக்கை; தினமும் அந்த நேர வித்தியாசத்தோடு வாழ்கிறவர்கள். மேடம் சொல்வதால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டிருக்கிறார்கள்.

மேடம் எழுந்து நின்றார். “பூமி சுத்துறதைப் பதினெட்டு வருசம் பாடம் நடத்தியிருக்கேன். எனக்கு இது தெரியல பாருங்க. தப்பு என்னோடது. உங்களை வெயில்ல வரவச்சுட்டேன், மன்னிச்சிக்கங்க. காத்திருப்பமா, இன்னொரு நாள் வைப்பமா?”

ஒரு முதல்வர் தாய்மாரிடம் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு நூர்ஜஹான் சொன்னார்: “காத்திருப்போம் மேடம். வீட்ல போய் என்ன செய்யப்போறோம், அங்கனயும் இந்தப் போனைத்தான் பாத்துக்கிட்டு இருப்போம்.”

அந்தக் காத்திருப்பில்தான் கூட்டமே நடந்தது என்று நினைக்கிறேன். புதன்கிழமை வாய் திறக்காத தாய்மார் எல்லாம் பேசினார்கள். நின்றுவிட்ட பிள்ளையின் தாய் ஒருவர், “ஏன் நிப்பாட்டுனேன்னு கேக்குறீகளே, தெருவுல எல்லாரும் பஸ் நிக்கப்போவுதுன்னாக. அவுக நிப்பாட்டுறதுக்கு முந்தி நம்மளே நிப்பாட்டிட்டா மரியாதையில்லையா?” என்றார். யாரோ வீட்டுக்குப் போய் ஒரு சட்டி நிறைய ரவா பணியாரம் கொண்டுவந்தார்கள். படிக்கட்டில் நின்ற ஏலக்கூடத்துக்காரருக்கும் கொடுத்தார்கள். போன்களில் சார்ஜ் இறங்கிக்கொண்டே வந்தது. நான் முன்பக்க சாக்கெட்டில் ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்தேன்.

மூன்றே முக்காலுக்கு முதல் போன் அடித்தது. பிறகு ஒன்றன் பின் ஒன்றாக எல்லாம் அடித்தன. போன்களை முன்சீட்டுச் சாய்மானங்களில் வரிசையாகச் சாத்திவைத்தார்கள். ஒன்பது முகங்கள். சிலர் தொப்பியைக் கழற்றவில்லை, ஒருவர் சோறு தின்றுகொண்டிருந்தார்.

ஜலாலுதீன்தான் பேசினார். தம்மாமில் டிரெய்லர் ஓட்டுகிறவர். “மேடம், சுத்திவளைக்காமக் கேக்குறேன். பஸ்ஸு நிக்குமா, நிக்காதா?”

“பதினஞ்சு சீட் நிரம்புனா நிக்காது.”

“சரி. பிசிக்ஸு? அதையும் எடுக்கப்போறதாப் பேச்சு. எம்புள்ள பாதிக் கிணத்துல நிக்கணுமா?”

பாலு சார் இருமினார். இயற்பியலுக்கு அடுத்த வருடம் சேர்க்கை இருக்குமா என்பது அப்போது செயலாளருக்கே தெரியாது. ‘அதெல்லாம் ஒண்ணும் நடக்காதுங்க’ என்று நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். காரியம் நடக்க வேண்டுமே என்ற பயத்தில்.

“அடுத்த வருசம் புதுசா சேப்பாகளான்னு எனக்குத் தெரியாது” என்றார் மேடம். “சேக்காமப் போகலாம். ஆனா இப்ப சேந்திருக்கிற புள்ளைக முடிக்கிற வரைக்கும் வகுப்பு உண்டு, லேப் உண்டு. வாத்தியார் இல்லேன்னா நான் எடுப்பேன். அது என் பொறுப்பு. பஸ் காசை நீங்க முன்னாடி கட்ட வேண்டாம். பருவம் முழுசும் ஓடட்டும். ஓடுனதுக்குப் பிறகு கட்டுங்க.”

“நிர்வாகம் ஒத்துக்குமா?”

“அவுகளை நான் பாத்துக்கிறேன்.”

ஜலாலுதீன் மகளைப் பார்த்தார். “ஏம்மா, இந்தப் பிசிக்ஸ வச்சு நீ என்னதான் செய்யப்போற? கம்ப்யூட்டர் எடுத்திருந்தா இந்த வம்பே இல்லையே.”

அப்ரின் போனைக் கையில் எடுத்தாள். “வாப்பா, வளைவுல டிரெய்லர ஏன் மெதுவா ஒடிக்கிறீக?”

“சாஞ்சிரும்ல.”

“ஏன் சாயுது?”

“சாயும்மா. வேகமாப் போனா சாயும்.”

“எத்தனை லோடுக்கு, எவ்வளவு வேகத்துல, எந்த எடத்துல சாயும்னு நான் உங்களுக்குப் போட்டுக் காட்டவா? அதுக்குத்தான் வாப்பா படிக்கேன்.”

மற்ற போன்களில் இருந்து சிரிப்பு. “ஜலாலு, புள்ள ஒன் வண்டியவே சாச்சிருச்சே” என்றது குவைத். ஜலாலுதீனும் சிரித்துவிட்டார். “சரி, போ. படி. மேடம், எம்புள்ள வரும். மத்தவுகளும் சொல்லுங்கப்பா.” ஒவ்வொருவராகச் சொன்னார்கள். கடைசியாக, நின்றுவிட்ட பிள்ளைகளின் தகப்பன்மார் இருவரும் சொன்னார்கள். படிக்கட்டில் நின்றவர் மெதுவாக, “எனக்கும் சரிதான்” என்றார். அவரை எல்லாரும் மறந்தே போயிருந்தோம்.

நின்ற இரண்டு பிள்ளைகளும் திங்கட்கிழமை ஏறினார்கள். முதலாமாண்டில் இன்னும் இருவர் சேர்ந்தார்கள். ஆக பதிமூன்று. இரண்டு சீட் குறைவு. ஆனாலும் பஸ் ஓடியது. எப்படி ஓடியது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நின்றுவிடுமோ என்று பயம்.

அடுத்த வருடம் இயற்பியலுக்குச் சேர்க்கை நடக்கவில்லை. மேடம் எவ்வளவோ பேசிப் பார்த்தார், முடியவில்லை. இரண்டு பேராசிரியர்கள் வேறு இடம் பார்த்துப் போனார்கள். லேபில் பாதியைத் தடுத்துக் கம்ப்யூட்டர் வைத்தார்கள். ஆனால் மீதிப் பாதியில் அப்ரினும் அவளோடு சேர்ந்த ஆறு பேரும் கடைசிப் பருவம் வரை செய்முறை செய்தார்கள். காலை முதல் வகுப்பை மேடமே எடுத்தார். அலுவலகத்தில் ஆட்கள் காத்திருப்பார்கள், அவர் கையில் சாக்பீஸ் தூளோடு வந்து உட்கார்ந்து கையெழுத்துப் போடுவார். சொன்ன சொல்லுக்கு ஒரு முதல்வர் அப்படி உழைத்ததை நான் கண்ணால் பார்த்தேன். அப்ரின் முடித்து, இப்போது காரைக்குடியில் எம்.எஸ்ஸி. படிக்கிறாள். புதுமடம் ரூட்டில் இப்போது உட்கார இடமில்லை என்று புது டிரைவர் புலம்புகிறான். எனக்கு அது இனிப்பாக இருக்கிறது.

அந்த முதல் பருவம் முடிந்து, ஜலாலுதீன் விடுமுறையில் வந்தபோது கட்டணம் கட்ட நேரில் வந்தார். “பதிமூணு புள்ளைதான, பதினஞ்சுக்குக் காசு எங்கருந்து வந்துச்சு?” என்று கேட்டார். பாலு சாருக்குப் பொய் வராது. குறைந்த இரண்டு சீட்டுக்கான இருபத்து நாலாயிரத்தை மேடம் தன் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்.

ஜலாலுதீன் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “இது கடன்ல? எங்க மேல கடன வச்சுக்கிட்டு அந்தம்மா பேசாம இருக்காக!” அன்றே தகப்பன்மார் குரூப்பில் போட்டுவிட்டார். மாதம் கொஞ்சமாகச் சேர்த்து மேடத்துக்கு அனுப்பினார்கள். மேடம் திருப்பி அனுப்பினார். மறுபடி அனுப்பினார்கள். மறுபடி திரும்பியது.

“நான் கடன் குடுக்கல” என்றார் மேடம்.

“நாங்க வாங்கிட்டோம்” என்றார் ஜலாலுதீன்.

கடைசியில் மேடம்தான் ஒரு வழி சொன்னார். கட்டணம் கட்ட முடியாத பிள்ளை அந்த ரூட்டில் இருந்தால், அந்தச் சீட்டுக்குக் கட்டுங்கள், என்னிடம் வர வேண்டாம். அப்படியே கட்டி வருகிறார்கள். தகப்பனை இழந்த ஒரு பிள்ளை இப்போது அந்தக் காசில்தான் வருகிறது. மேடத்தைப் பொறுத்தவரை யாரும் அவருக்கு எதுவும் தர வேண்டியதில்லை. ஜலாலுதீன் மட்டும் அந்தச் சீட்டுக் காசைக் கடனில் கழித்துக் கணக்கு வைத்துக்கொண்டு, மாதக் கடைசியில் எனக்குக் குரல் செய்தி அனுப்புவார், நான் ஓய்வு பெற்ற பிறகும். போன வாரமும் வந்தது: “டிரைவரண்ணே, மேடத்துட்ட சொல்லிருங்க. இன்னும் ஏழாயிரத்து ஐநூறு ரூபா பாக்கி.”